குளிர்கால மழையில் வளரும் கிழங்குப் பூச்செடிகள்: வடசென்னை மாடித் தோட்டத்துக்கான கேள்வி பதில்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கொளத்தூர் வட்டாரங்களில் தொட்டியில் பூச்செடி வளர்க்கும் நண்பர்கள் கிழங்குச் செடிகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. தென்னாப்பிரிக்காவின் அபூர்வமான பூக்களைப் படத்தில் பார்த்து, கிழங்கை வாங்கி, ஒரு பருவத்திலேயே இழந்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்காகவும் இந்தப் பதில்கள்.

குளிர்கால மழைக் கிழங்குகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

கோடையில் மழையே இல்லாமல் காய்ந்து, குளிர்காலத்தில் மட்டும் மழை பெறும் நிலங்கள் உலகில் சில இடங்களில் இருக்கின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள், கலிஃபோர்னியா, நடு சிலி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை, தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதி ஆகியவை அவை. இந்த நிலங்களின் செடிகள் பல, கோடையின் வறட்சியை மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிக் கடக்கின்றன. மழை வந்ததும் இலை விட்டு, குளிர் முடியும்போது பூத்து, விதை போட்டு, மறுபடி ஒடுங்கிவிடுகின்றன.

இவற்றில் கேப் பகுதிக்கு ஈடு கிடையாது. அங்கே சுமார் 9,000 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வேறெங்கும் இயற்கையாக வளராதவை. நியூவௌட்வில் என்ற சிற்றூர் தன்னை உலகின் கிழங்குப் பூக்களின் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்கிறது. 1770களில் ஸ்வீடனின் துன்பெர்க்கும், லண்டன் கியூ தோட்டம் அனுப்பிய மேசனும் அந்தப் பகுதியில் அலைந்து செடிகளைச் சேகரித்தார்கள். அப்போது ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கிய கிழங்குகளின் மீதான மோகம் இன்னும் தணியவில்லை. ஃப்ரீசியா, லாக்கெனாலியா, ஸ்பராக்சிஸ், இக்ஸியா, பேபியானா எல்லாம் அந்த மண்ணின் செடிகள்.

அழகு என்று பார்த்தால் லாக்கெனாலியா விரிடிஃப்ளோராவைத்தான் முதலில் வைப்பேன். நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறத்தை வேறு பூக்களில் காண்பது அரிது. ஹேமாந்தஸ் கொக்கினியஸ் இலை எதுவும் இல்லாத வெறும் மண்ணிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு தூரிகையை நீட்டும். பூ முடிந்த பிறகுதான் இரண்டு அகன்ற இலைகள் வந்து தரையோடு படியும். மசோனியா டிப்ரெஸ்ஸா தரையோடு ஒட்டிப் பூக்கும். இரவில் தேன் குடிக்க வரும் எலியினச் சிறு விலங்குகள் அதன் மகரந்தத்தைக் கடத்துகின்றன. இந்தச் செடிகள்மீது ஆசை வருவதில் தவறே இல்லை.

சென்னையிலும் ஐப்பசி, கார்த்திகையில்தானே மழை கொட்டுகிறது? அப்படியானால் அவை இங்கே நன்றாக வர வேண்டுமே?

பெரும்பாலானோர் பணத்தை இழப்பது இந்த எண்ணத்தால்தான். எனவே இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

மழைக் கணக்கை மட்டும் பார்த்தால் சோழமண்டலக் கரை கேப் பகுதியின் உறவுக்காரர்தான். சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. தை பிறந்த பிறகு ஆனி வரை பெரிய மழை கிடையாது. இந்தியாவின் பிற பகுதிகள் நனையும் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது மாலை நேர இடிமழைதான்.

ஆனால் கிழங்கு மழையை மட்டும் கணக்கில் கொள்வதில்லை, இரவின் குளிர்ச்சியையும் கணக்கில் கொள்கிறது. கேப் டவுனில் ஜூலை மாத இரவு 7 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். பகலில் 18 டிகிரி இருந்தால் அதிகம். சென்னையில் மிகக் குளிர்ந்த ஜனவரியின் சராசரி இரவே 20 டிகிரிக்கு மேல். மார்கழி அதிகாலையில் நமக்குக் குளிர்கிறது என்று போர்வையை இழுத்துக்கொள்கிறோம். அந்தக் கிழங்குக்கு அது கோடை இரவு.

இரவு வெப்பமாக இருந்தால் இரண்டு கெடுதல்கள் நேரும். முதலாவது, பூ மொட்டுக்கான கட்டளையே கிழங்குக்குள் பிறக்காது. இரண்டாவது, செடி பகலில் ஒளியைக்கொண்டு சேர்த்த மாவுச்சத்தை இரவில் சுவாசித்தே எரித்துவிடும். வெப்பம் கூடக்கூட இந்தச் செலவும் கூடும். அதனால்தான் இங்கே கேப் கிழங்குகள் முதல் ஆண்டு ஆசை காட்டுவதுபோல் இலை விடும். தோண்டிப் பார்த்தால் நட்டதைவிடச் சிறிய கிழங்கு கிடைக்கும். அதை மறு ஆண்டு நட்டால் இன்னும் சிறியதாகும்.

மழை பெய்யும் விதமும் வேறு. கேப் டவுனுக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது சுமார் 500 மி.மீ.; அதுவும் தூறலும் சாரலுமாகப் பல மாதங்களுக்குப் பரவி விழும். நம் ஊரில் ஒரு புயல் நாளில் அதில் பெரும்பங்கு கொட்டித் தீர்த்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்துபோனபோது வடசென்னையில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கிழங்கு வாங்கும்போது அது எந்த மாதத்து மழையைச் சேர்ந்தது என்று கேட்பதைவிட, அதன் சொந்த ஊரில் வளரும் பருவத்து இரவு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்கள் பணத்தில் பாதியைக் காப்பாற்றும்.

ஃப்ரீசியா நறுமணத்துக்காக வாங்கினேன். புல் போன்ற இலை மட்டும் வருகிறது. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நட்டால் பூக்குமா?

பூக்காது. கெடுதல்தான் நேரும். ட்யூலிப் கிழங்கைக் குளிர்பதனம் செய்து நடும் பழக்கத்தைப் பார்த்து ஃப்ரீசியாவுக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். இரண்டின் இயல்பும் நேரெதிர். ஃப்ரீசியாவின் உறக்கத்தைக் கலைப்பது வெப்பம்; கேப் பகுதியின் கோடைச் சூடுதான் அதற்கு இயற்கையான மருந்து. வணிக முறையில் வளர்ப்பவர்களும் சுமார் 30 டிகிரி வெப்பத்தில் அதை 10 வாரங்களுக்கு மேல் வைத்த பிறகே நடுகிறார்கள். காய்ந்த கிழங்கைக் குளிரில் வைத்தால், முளை விடாமலேயே தன் தலைமேல் இன்னொரு கிழங்கை உருவாக்கிக்கொண்டு அந்த ஆண்டை அப்படியே கழித்துவிடும்.

குளிர் அதற்குத் தேவைதான். ஆனால் இலை விட்டு வளரும்போது தேவை. பூ மொட்டு உருவாக 12 முதல் 15 டிகிரி வரையிலான வெப்பநிலை சில வாரங்கள் தொடர்ந்து வேண்டும். கோடைச் சூட்டை நம் மாடி தாராளமாகக் கொடுத்துவிடும். அதன் பிறகு வர வேண்டிய குளிரை வடசென்னையால் கொடுக்க முடியாது. உதகை, கொடைக்கானலில் உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். நீலகிரி ஓடைக்கரைகளில் வெள்ளைக் குழல் போலப் பூத்து நிற்கும் ஏரம் லில்லியும் கேப் பகுதிச் செடிதான். அங்கே அது காட்டுச் செடியாகவே மாறிவிட்டது. மலைக் குளிர் இத்தகைய செடிகளுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

குளிரூட்டிய அறைக்குள் வைத்தால்?

நம் அறைகள் 24, 25 டிகிரியில் ஓடுகின்றன, அது போதாது. போதும் அளவுக்குக் குறைத்தால் மின் கட்டணமும் ஒளிக் குறைவும் சேர்ந்து வீட்டாரையும் செடியையும் வாட்டும். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அப்படியென்றால் அந்தப் பக்கத்துச் செடி எதையுமே முயலக் கூடாதா?

முயலலாம், தேர்ந்தெடுத்து முயல வேண்டும். தென்னாப்பிரிக்கா முழுவதும் குளிர்கால மழை நாடு அல்ல. அதன் கிழக்குக் கரை கோடை மழை பெறும் பகுதி. இரவுகளும் மேற்கைவிட இதமானவை. அந்தப் பக்கத்திலிருந்து வருபவற்றுக்கு நம் ஊர் அவ்வளவு அந்நியம் அல்ல. ஹேமாந்தஸ் அல்பிஃப்ளோஸ் அப்படிப்பட்டது. வெள்ளைத் தூரிகைப் பூ, ஆண்டு முழுவதும் தடித்த பசும் இலைகளோடு இருக்கும், நிழலைப் பொறுத்துக்கொள்ளும். கம்பிச் சாளரத்துக்கு உள்ளே காலை வெயில் மட்டும் படும் இடத்தில் அதை வைக்கலாம். ஃப்ரீசியா லாக்சா என்ற சிவப்புப் பூச் சிற்றினத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கென்யா வரை பரவியிருக்கும் செடி அது; மணமுள்ள தன் உறவினர்களைப் போல அது கடுங்குளிரை எதிர்பார்ப்பதில்லை. மணம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து பேப்பர்ஒயிட் நார்சிஸஸ் உண்டு. பூ மொட்டு கிழங்குக்குள் ஏற்கெனவே உருவாகித்தான் கடைக்கு வருகிறது, குளிர்பதனமும் கேட்பதில்லை. டிசம்பர் நடுவில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்த கிண்ணத்தில், கிழங்கின் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி உட்கார வைத்தால், பொங்கலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்போ பூக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையாகப் பார்த்து வையுங்கள். மறு ஆண்டு அதே கிழங்கு இங்கே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு முறை மணத்துக்காக வாங்கும் பூங்கொத்தாக எண்ணி வாங்கினால் மனக்குறை இருக்காது.

நம் மழைக்கு, நம் இரவுக்கு ஏற்ற கிழங்குப் பூக்கள் எவை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் அழைக்கிறோம். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதை விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்கிசின் கீல்வாத மருந்தாகிறது. இவ்வளவு அருகில் விளையும் செடியை விட்டுவிட்டுக் கடல் கடந்த கிழங்குக்கு ஏங்குகிறோமே என்று எனக்கு உள்ளபடியே வருத்தம் உண்டு. ஆனி, ஆடியில் முளைக்கும். புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். முதல் நாள் பச்சையும் மஞ்சளுமாக விரியும் இதழ்கள் நாளாக நாளாகச் செந்தழல் நிறத்துக்கு மாறும். ஒரே கொடியில் எல்லா நிறப் படிநிலைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். தை மாதம் கொடி காய்ந்துவிடும்.

கிழங்கு கலப்பை போல் வளைந்திருக்கும். அதன் நுனியில்தான் முளைக் கண் இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. எனவே வாங்கும்போது நுனியைப் பாருங்கள், விலையைப் பிறகு பேசலாம். ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில், கிழங்கைப் படுக்க வைத்து இரண்டு அங்குல மண் மூடினால் போதும். இலை நுனிகளே பற்றுக்கம்பிகளாகச் சுருண்டு பிடிக்கும். ஆகையால் பருத்த மூங்கிலைவிட மெல்லிய கம்பி வலையோ கயிறோ அதற்குப் பிடிக்கும்.

அடுத்தது மழை லில்லி. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வெள்ளை, ரோஜா நிறம், மஞ்சள் என மூன்றும் நம் நாற்றுப் பண்ணைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. மூன்று நான்கு வாரம் காயப்போட்டு, பிறகு ஒரு நல்ல மழையில் நனையவிட்டால் சில நாள்களில் தொட்டி நிறையப் பூக்கும். ஒவ்வொரு பூவும் ஓரிரு நாள்தான் நிற்கும். தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் வீட்டில் இலை செழித்து நிற்கும், பூ அபூர்வமாகத்தான் தலைகாட்டும்.

கடலை ஒட்டியிருப்பவர்களுக்கு விஷமூங்கில் என்கிற கிரைனம் ஆசியாடிகம். உப்புக் காற்று அதற்குப் பழகிய காற்று. அதன் விதைகளே கடல்நீரில் மிதந்துபோய்க் கரையேறி முளைப்பவை. இரவில் வெள்ளைப் பூக்கள் மணக்கும். பெரிய செடி, பழைய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில்தான் வைக்க வேண்டும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலைப் பார்த்த மாடியில் வேறெந்தக் கிழங்குச் செடி கருகினாலும் இது கருகாது.

நரிவெங்காயத்தை யாரும் தொட்டியில் வைத்துக் கொண்டாடுவதில்லை. கொண்டாட வேண்டும் என்பது என் கருத்து. கடலோர மணலிலும் வறண்ட காட்டிலும் வளரும் நம் ஊர்க் கிழங்கு. கோடையின் உச்சத்தில், இலை ஒன்றுமில்லாத கிழங்கிலிருந்து ஒற்றைக் காம்பு நிமிர்ந்து எழும்பும். மங்கிய பழுப்புப் பூக்கள் மாலைக்குப் பிறகு விரியும். மழை வந்த பிறகுதான் இலை. ஹேமாந்தஸ் கொக்கினியஸில் வியந்த அதே நடத்தை, நம் மண்ணிலேயே.

ஃபுட்பால் லில்லி என்று விற்கப்படும் ஸ்கேடோக்சஸ் இதற்கெல்லாம் மாறான காலக்கணக்கு உடையது. சித்திரை, வைகாசியில் செந்நிறப் பந்தாகப் பூத்து, பிறகு இலை விட்டு, மழைக்காலம் முடிவதற்குள் உறங்கத் தொடங்கும். அதனால் ஐப்பசி பாதியிலேயே அதைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அதற்குத் தேவையில்லை, ஆபத்தும்கூட.

தொட்டியும் மண்ணும் எப்படி இருக்க வேண்டும்?

சுட்ட மண் தொட்டி. பக்கங்கள் வழியே ஈரம் ஆவியாவதால் கிழங்கைச் சுற்றி நீர் தேங்காது. கொசப்பேட்டையில் மண்பாண்டம் செய்பவர்களிடம் சொல்லி அடியில் மூன்று துளைகள் போட்டு வாங்குங்கள். ஒற்றைத் துளை அடைத்துக்கொண்டால் ஒரே இரவில் கிழங்கு போய்விடும்.

கழுவிய சொரசொரப்பான மணலோ செங்கல் பொடித்துண்டோ இரண்டு பங்கு, செங்குன்றம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிச் சலித்த இலைமட்கு ஒரு பங்கு. எம்-சாண்டு பயன்படுத்தினால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். அதிலுள்ள கல்மாவு சிமெண்டுபோல இறுகிவிடும். கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தென்னை நார்க்கழிவு மாடித் தோட்டத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் அது நீரைப் பிடித்துவைக்கும் இயல்புடையது, கழுவாததில் உப்பும் இருக்கும். கிழங்குத் தொட்டியில் அதற்கு வேலை இல்லை. பச்சைச் சாணமும் கூடாது. கொஞ்சம் எலும்புத்தூள், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, இலை வளரும்போது விறகுச் சாம்பல் சிறிதளவு: இவை போதும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. என்ன செய்வது?

திருவொற்றியூர், ராயபுரம் கடலோரத் தெருக்களில் இது எல்லா வீட்டுச் சிக்கல்தான். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துப்போவது அந்த உப்புதான். நல்ல செய்தி என்னவென்றால், நம் கிழங்குகளில் பலவும் தண்ணீர் கேட்கும் காலமும் வானம் தண்ணீர் கொடுக்கும் காலமும் ஒன்று. மாடி நீரை ஒரு டிரம்மில் பிடித்து, கொசு புகாதபடி மெல்லிய துணியோ வலையோ இழுத்துக் கட்டுங்கள். மழையற்ற நாள்களில் அதை ஊற்றலாம். பருவத்தின் முதல் பெருமழையில் தொட்டிகளைத் திறந்தவெளியில் வைத்து நனையவிட்டால் ஓராண்டு உப்பும் கரைந்து அடியில் வெளியேறிவிடும். இலைமேல் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் சாம்பல் தூசியும் படியும் தெருக்களில், அதே மழைநீரால் வாரம் ஒருமுறை இலையைக் கழுவிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

முதல் மழையில் நனையவிட்டது போதும். தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி, செங்கல்மேல் ஏற்றி, அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். மாடி வடிகால் வாயில் சருகு அடைக்காமல் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். காந்தள் கொடியை அவிழ்க்க முயல வேண்டாம். பந்தலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கிழங்கு உறங்கும் மாதங்களில் தொட்டியை எப்படி வைப்பது?

கிழங்கு வளர்ப்பின் உயிர்நாடி இதுதான். நீர் ஊற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிறுத்தத் தெரிந்தவர்களிடம்தான் கிழங்கு தங்குகிறது.

இலை மஞ்சளானதும் வெட்டிவிடக் கூடாது. இலையிலுள்ள சத்து கிழங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. நீரை வாரம் வாரமாகக் குறைத்து, இலை தானாக உலர்ந்து இழுத்தால் கையோடு வரும்வரை காத்திருங்கள். பிறகு தொட்டியை அப்படியே மழையும் நேர் வெயிலும் படாத இடத்துக்கு மாற்றிவிடலாம். காந்தளுக்கு இது தை கடைசியில் வரும்.

நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தளத்தின் சூடு. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது; சாதாரண மே மாதத்திலும் காங்கிரீட் தளம் காற்றைவிட மிக அதிகமாகச் சுடும். தரைமேல் நேராக உட்கார்ந்த தொட்டிக்குள் கிழங்கு வெந்துபோகும். மரப்பலகையோ இரண்டு வரிசைச் செங்கலோ போட்டு, அடியில் காற்றோட விடுங்கள். மாடிப்படிக்கு அடியில் இடம் இருந்தால் அதுவே சிறந்தது. சில வீடுகளில் உறங்கும் தொட்டியை வெறும் மண் தொட்டி என்று நினைத்துக் கீரை விதைத்துவிடுகிறார்கள். பெயரும் மாதமும் எழுதிய குச்சி ஒன்றைக் குத்திவையுங்கள்.

கோடை இடிமழை இரண்டு நாள் பெய்தது என்பதற்காக எழுப்பிவிட வேண்டாம். முளை தெரிந்த பிறகு முதல் தண்ணீர்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. ஏன்?

மழை லில்லியாக இருந்தால் காயப்போடவில்லை. ஹிப்பியாஸ்ட்ரமாக (கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கப்படுவது) இருந்தால் வெயில் போதவில்லை, அல்லது கிழங்கு இன்னும் சிறியது. தழைச்சத்து உரம் அதிகமானாலும் இப்படி ஆகும். தொட்டியை அடிக்கடி பிரித்து நடுவதும் காரணம். பெரும்பாலான கிழங்குகள் நெருக்கமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பூக்கின்றன. கேப் கிழங்காக இருந்தால் காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

ஒரே இரவில் இலையெல்லாம் காணாமல் போய்விட்டது!

கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் வைத்த புழுக்களைத் தேடுங்கள். லில்லி அந்துப்பூச்சியின் புழு அது. காந்தள், மழை லில்லி, கிரைனம் எல்லாம் அதற்கு விருந்து. கூட்டமாக வந்து, இலையை முடித்துவிட்டுக் கிழங்கின் கழுத்துக்குள்ளும் இறங்கும். மாலையில் விளக்கோடு போய்க் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுவதுதான் உறுதியான வழி. மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முட்டைக் கூட்டத்தோடு அந்த இலையை நறுக்கிவிட்டால் வேலை பாதியாகும்.

மாவுப்பூச்சி கிழங்கின் கழுத்தில் ஒளிந்திருக்கும். எறும்பு ஏறி இறங்கும் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்துவிட்ட தெருக்களில் இரவில் அதையும் பொறுக்க வேண்டும், கையுறையோடு.

வீட்டில் குழந்தையும் பூனையும் இருக்கின்றன. ஆபத்து உண்டா?

உண்டு. இதை மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. காந்தளின் கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு; கிழங்கைத் தின்றால் உயிர் போகும். நரிவெங்காயமும் விஷமூங்கிலும் நஞ்சுதான். நார்சிஸஸ், மழை லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குகளும் தின்றால் கடும் வாந்தியை உண்டாக்கும். தோண்டி எடுத்த கிழங்கை ஒருபோதும் சமையலறையில் வைக்காதீர்கள். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் அடையாளம் தெரியாது. காந்தளைத் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வளர்க்கவே வேண்டாம். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

விதையிலிருந்து வளர்க்கலாமா?

பொறுமை இருந்தால் அதுவே மலிவான வழி. மழை லில்லியின் கறுத்த மெல்லிய விதையைக் காய் வெடித்த சில நாள்களிலேயே விதைத்துவிடுங்கள். பழையதாக ஆக முளைப்புத் திறன் விரைவாகக் குறையும். கிரைனம் விதை சதைப்பற்றானது, மண் இல்லாமலேயே தட்டில் கிடந்து முளைக்கும். காந்தள் விதை முளைக்க மாதங்கள் ஆகும். பூ காண மூன்று நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம்.

இணையத்தில் வெளிநாட்டுக் கிழங்கு வாங்கலாமா?

நீல நிறக் காந்தள், வானவில் லில்லி என்று படம் போட்டு விற்பவை பெரும்பாலும் நிறம் ஏற்றிய படங்கள். அமரில்லிஸ் என்று விற்கப்படுவது அநேகமாக அமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். நம் ஊரில் அது நன்றாக வரும் என்பதால் நட்டமில்லை. கேப் பகுதியின் உண்மையான அமரில்லிஸ் பெல்லடோனாவை எதிர்பார்த்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமானால், 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கடிதவுறைக்குள் ஒளித்து அனுப்புகிறோம் என்பவர்களிடம் வாங்காதீர்கள்; ஒரு கிழங்கோடு வரும் நோய் ஒரு வட்டாரத்துப் பயிரையே பாதிக்கக்கூடும். கேப் பகுதியின் பல இனங்கள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன, லாக்கெனாலியா விரிடிஃப்ளோராவும் அவற்றில் ஒன்று. காட்டில் தோண்டியதா, பண்ணையில் பெருக்கியதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: தெற்கு அரைக்கோளத்தில் தோண்டிய கிழங்குக்கு நம் கார்த்திகை, அதன் வைகாசி. முறையாக வந்து சேர்ந்தாலும் பருவம் மாறிப் பழக ஓராண்டாவது ஆகும்.

பால்கனியில் மூன்று தொட்டிக்குத்தான் இடம். எதிலிருந்து தொடங்குவது?

கைக்குழந்தை இல்லாத வீடென்றால் ஒன்றில் காந்தள். இரண்டாவதில் வெள்ளை மழை லில்லி, நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு கிழங்குகள். மூன்றாவதில் ஸ்கேடோக்சஸ், நிழலும் அதற்குப் போதும். வைகாசியில் ஸ்கேடோக்சஸ், மழை தொடங்கியதும் லில்லி, ஐப்பசியில் காந்தள் என்று பூக்கும். மாசி, பங்குனியில் காந்தள், ஸ்கேடோக்சஸ் தொட்டிகளில் மண் மட்டும்தான் தெரியும். அப்போது தண்ணீர்க் குவளையோடு அவற்றின் பக்கம் போகாதீர்கள்.